அம்மாவுக்கு ஒரு திண்டிவனம்

அத்தியாயம் 9

செத்துப்போன கண்டக்டர் ஞானராஜின் வாரிசு வேலை மகனுக்கா, மகளுக்கா என்று இரண்டு வாரமாக ஒரு குடும்பத்தையே போட்டு உலுக்கிவிட்டேன். மகளுக்குத்தான். கடிதம் போட்டவர்களில் பாதிப்பேர் மகனுக்கே கொடுக்கச் சொல்லியிருந்தீர்கள். மன்னிக்க வேண்டும், அது என் கையில் இல்லை. அம்மா அமலோற்பவமேரி கையெழுத்து போட்டுவிட்டாள்.

மகன் இருதய அருண் விழுப்புரத்தில் செல்போன் கடையில் இருக்கிறான். வாய்க்குப் பூட்டே கிடையாது. "எனக்கு இந்தக் கடையே போதும், அக்காவுக்குக் குடுங்க" என்று அவனே சொல்லிவிட்டான். ஆனால் கெடாரில் இருக்கும் மாமன் சவுரிராயனுக்கு மட்டும் இன்னும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. "பேசத் தெரியாத பொண்ணுக்குக் கண்டக்டர் வேலையாம். வாயுள்ள பையன் செல்லுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கினு இருக்கானாம்" என்று போகிற வீட்டிலெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

அவர் சொல்வதில் பொய் இல்லை என்பதுதான் கஷ்டம்.

வெனிலாவுக்கு இருபத்தாறு வயது. பி.காம். முடித்தவள். கோயிலில் வாசகம் வாசிக்க இவள் பெயரைப் போட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் தவறாமல் காய்ச்சல் வந்தது. மளிகைக் கடையில் நாலு பேர் நின்றால் ஐந்தாவதாக நின்று, நாலு பேரும் போய், அப்புறம் வந்த ஆறு பேரும் போன பிறகும் நிற்பாள். காலேஜ் படித்த காலத்தில் ஒருநாள் பஸ்ஸில் கண்டக்டர் விசில் அடிக்க மறந்துவிட்டார். "நிறுத்துங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வராமல் அடுத்த ஸ்டாப்பிங்வரை போய் இறங்கி, இரண்டு கிலோமீட்டர் வெயிலில் நடந்து வந்தாள். இத்தனைக்கும் கண்டக்டர் பெற்ற பெண்!

அவளுக்காக எல்லா இடத்திலும் பேசியது அம்மாதான். டாக்டரிடம் வயிற்றுவலி அம்மா சொன்னாள். டெய்லரிடம் அளவு அம்மா சொன்னாள். பெண் பார்க்க வந்தவர்களிடம் "அவளுக்குப் பிடிக்கல" என்று சொன்னதும் அம்மாதான். அது மட்டும் நிஜமாகவே வெனிலாவின் மனசில் இருந்தது.

காந்திமதி என்ற சீனியர் கண்டக்டரோடு பதினைந்து நாள் பயிற்சி முடிந்தது. காந்திமதி அக்கா கத்தினால் ரயிலுக்குப் போகிறவனும் பஸ்ஸில் ஏறிவிடுவான். அந்தச் சத்தத்தின் பின்னால் ஒளிந்துகொண்டு வெனிலா பதினைந்து நாளையும் ஓட்டிவிட்டாள்.

இன்றைக்குத் தனியாக.

சாலாமேட்டு வீட்டிலிருந்து காலை ஆறு மணிக்கு அருண் பைக்கில் ஏற்றிக்கொண்டான். சுடிதாருக்கு மேல் காக்கிக் கோட்டு. கழுத்தில் விசில். தோளில் தோல் பை. ராத்திரி முழுக்கக் கண்ணை மூடாத முகம்.

"கத்துக்கா" என்றான் அருண், மெயின் ரோட்டில் வண்டியை ஏற்றிக்கொண்டே.

"யாராவது பாப்பாங்கடா."

"பாக்கறதுக்குத்தானே கத்தச் சொல்றேன்? திண்டிவனம்னு ஒரே ஒருவாட்டி."

"திண்டிவனம்."

"எனக்கே கேக்கல. உனக்கு முன்னாடி ஒரு அடி தள்ளி குந்திக்கினு இருக்கேன்."

"காத்து அடிக்குது."

"பஸ்ஸுலயும் அடிக்கும்கா."

அவள் விசிலை எடுத்துத் துடைத்தாள். திரும்ப எடுத்துத் துடைத்தாள். பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் அந்த விசில் நாலு தடவை பளபளத்தது.

"முடியலன்னா சொல்லிடு" என்றான் அருண், இறக்கிவிடும்போது. கிண்டல் போன குரல். "மாமன் சொல்றாருன்னு வீம்புக்கு இதுல நிக்காத. நீ வாணாம்னு எழுதிக் குடுத்தா வேற யாரும் வாங்கிக்க முடியாது, வேல போயிடும். போனா போவட்டும், நான் பாத்துக்கறேன்."

பாவம், நல்ல மனசோடுதான் சொன்னான். அக்கா தோல் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். போனால் போகட்டும் என்கிற வேலையா இது? அப்பா இருபத்தாறு வருடம் கால் வீங்க நின்ற வேலை. இவளை விட்டால் இந்த வீட்டில் அது யாருக்கும் இல்லை.

டிரைவர் கோபிக்கு ஐம்பது வயது, எந்நேரமும் அவசரம். வண்டியைச் சுற்றி வந்து நாலு சக்கரத்தையும் உதைத்துப் பார்த்துவிட்டு வெனிலாவைப் பார்த்தார்.

"நீ ஞானராஜ் அண்ணன் பொண்ணா இருக்கலாம். அதுக்காக ஸ்டியரிங்கும் நானே, வாயும் நானேன்னா பேஜாரா பூடும். ஏழு அஞ்சுக்கு எடுக்கணும். கூப்புடு."

"சரிங்கண்ணே."

படிக்கட்டு ஓரம் நின்றாள். பக்கத்துத் தனியார் பஸ்காரன் தொண்டை நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தான். ஆட்கள் அந்தப் பக்கமே போனார்கள். இவள் வாயைத் திறந்தாள். 'திண்' மட்டும் வந்தது. ஒரு கிழவர் நின்று பார்த்து, உடம்பு சரியில்லையோ என்று நினைத்து, அடுத்த பஸ்ஸில் போய் ஏறினார்.

ஆறு ஐம்பதுக்கு வண்டியில் ஒன்பது பேர். கோபி மணியைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், இவளைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

"திண்டிவனம், திண்டிவனம், திண்டிவனம்! முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு ஏறு ஏறு ஏறு! மயிலம் போறவங்க கூட்டேரிப்பட்டுல எறங்கிக்கலாம்! சீட்டு இருக்குது, ஜல்தி வாங்க!"

முன் படிக்கட்டில் ஒற்றைக் காலை வைத்து, ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறு கையால் ஊரையே அழைத்துக்கொண்டு நின்றாள் அமலோற்பவமேரி.

"அம்மா!" வெனிலா முன் படிக்கட்டுக்கு ஓடினாள். "நீ எங்கம்மா இங்க?"

"சும்மாத்தான். நீ மிஷின பாரு."

"வூட்டுக்குப் போம்மா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். பாத்தாத்தானே ஏறுவாங்க? யோவ் பெரியவரே, அந்த வண்டி உருட்டிக்கினு போவும்யா, இங்க வா!"

கிழவர் இறங்கி வந்து இதில் ஏறினார். பின்னாலேயே ஏழெட்டுப் பேர். பத்து நிமிடத்தில் வண்டி நிறைந்து, நிற்கவும் ஆள் வந்தது. கோபியின் முகத்தில் முதன்முதலாகப் பல் தெரிந்தது. அம்மா ஜம்மென்று முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். வெனிலாவுக்குத் தரையைப் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அதே சமயம், நான் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், அப்பாடா என்றும் இருந்தது.

இரண்டு விசில் கொடுத்தாள். விசிலுக்கு வெட்கம் கிடையாது. அது நன்றாகவே கேட்டது.

வண்டி ஊரைத் தாண்டுவதற்குள் கண்டக்டர் யார் என்பதில் பயணிகளுக்கே குழப்பம் வந்துவிட்டது. காக்கிக் கோட்டு இங்கே, குரல் அங்கே. "பொம்பளைங்களுக்கு ஃப்ரீ இல்லியா?" என்று ஒருத்தி வெனிலாவைக் கேட்டால், முன் சீட்டிலிருந்து பதில் வந்தது.

"அது டவுன் பஸ்ஸுக்குமா! இது திண்டிவனம் போற வண்டி. காச எடு."

"செல்லுல போடலாமா?"

"அந்த ஸ்கேன் பண்ற ஸ்டிக்கர காட்டுடி வெனிலா! அது கூச்சப்படும், நீங்க கேட்டு வாங்கிக்குங்க."

பஸ்ஸே சிரித்தது. கெட்ட சிரிப்பில்லை. ஆனாலும் வெனிலாவின் காது மடல் சுட்டது. மிஷினில் இரண்டு தடவை தப்பான ஊரை அழுத்தினாள்.

நடுவில் ஆறாவது சீட்டில் ஓர் அம்மாள் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூடையில் கஞ்சித் தூக்கு, துண்டு, ஒரு பழைய புடவை. சின்னபொண்ணு என்று பெயர். கெடார் பக்கத்து ஆள். விழுப்புரத்தைத் தாண்டிப் பழக்கமில்லை. டிக்கெட் வாங்கும்போது வெனிலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரி வந்தா சொல்லும்மா. மவளுக்கு நேத்து ஆப்ரேசன் பண்ணிப் புள்ள எடுத்திருக்காங்க. எட்டு மணிக்கு டாக்டரு வர்றப்ப நான் கூட இருக்கணுமாம். எனக்கு எடம் தெரியாது. நீதான் சொல்லணும்."

"சொல்றேங்க" என்றாள் வெனிலா.

முண்டியம்பாக்கம் வந்தது. பின்வாசல் பக்கம் நின்றிருந்த வெனிலா சொல்லத்தான் செய்தாள். "முண்டியம்பாக்கம், ஆஸ்பத்திரி." குரல் மூன்றாவது ஆளைத் தாண்டவில்லை. நடுவில் நெருக்கடி. அம்மாவோ பக்கத்து சீட்டுக்காரியிடம் ஞானராஜின் கடைசி நாளைச் சொல்லிக்கொண்டிருந்ததில் ஊர் பேரைக் கூப்பிட மறந்துவிட்டாள். நாலு பேர் இறங்கினார்கள். அந்த அம்மாளும் இறங்கியிருப்பாள் என்று வெனிலா நினைத்தாள். எட்டிப் பார்த்து ஒரு தடவை சத்தமாகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இரண்டு விசில்.

விக்கிரவாண்டியில் சின்னபொண்ணு கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே பார்த்தாள்.

"ஏம்மா, ஆஸ்பத்திரி இன்னும் வரல?"

பக்கத்தில் இருந்தவர் சொன்னார். "அது தாண்டியாச்சே! இது விக்கிரவாண்டி."

"ஐயய்யோ!" கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தவள் நேரே வெனிலாவிடம் வந்தாள். "உங்கிட்ட கைய புடிச்சிச் சொன்னேனே! வாயில என்னா கொழுக்கட்டையா வெச்சிக்கினு இருந்த? எம்பொண்ணு அங்க தனியா கெடக்குறா!"

வெனிலாவின் உதடு அசைந்தது. அவ்வளவுதான்.

முன் சீட்டிலிருந்து அம்மா எழுந்தாள். "அவ சொன்னா, நீதான் கேக்கல. தூங்கிக்கினு வந்துட்டு எம்பொண்ண திட்டுவியா?"

"நீ யாரு ஊடால?"

"நான் அவ அம்மா!"

"அப்ப நீ நல்லா பேசு தாயி. அவளப் பேச உட்டுடாத" என்றாள் சின்னபொண்ணு. சொல்லிவிட்டு அழுதுகொண்டே இறங்கினாள். கோபி கீழே குதித்து, ஒரு ஷேர் ஆட்டோவை நிறுத்தி அவளை ஏற்றிவிட்டு வந்தார். மணி ஏழே முக்கால் ஆகப் போகிறது. எட்டுக்குள் போய்ச் சேர்ந்தாளா என்று எனக்கும் தெரியவில்லை, வெனிலாவுக்கும் தெரியவில்லை.

கோபி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். திரும்பிப் பார்க்காமல் சொன்னார். "அந்தம்மா எதாவது ஆயி மனு போட்டுச்சின்னா, மொத நாளே மெமோதான்."

மெமோவை நினைத்து வெனிலா நடுங்கவில்லை. 'நான் சொன்னேனே, யாரும் கேட்கலையே' என்று இதுநாள்வரை அவள் தன்னிடமே சொல்லிக்கொண்டு வந்த சமாதானம் இன்று செல்லவில்லை. யாருக்கும் கேட்காமல் சொன்னால் அது சொன்னதாகாது. கையைப் பிடித்துக் கேட்ட ஒருத்தியை நடுரோட்டில் அழவைத்தாகிவிட்டது. அவளுக்குத் தன்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

டோல்கேட்டைத் தாண்டியதும் எதிரே வந்த பஸ்ஸின் டிரைவர் லைட்டை இரண்டு தடவை அடித்து, கையை வெளியே நீட்டிச் சுழற்றிக் காட்டிவிட்டுப் போனார். இந்த ரோட்டில் வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் அதன் அர்த்தம் தெரியும்.

"கூட்டேரிப்பட்டுல செக்கிங் நிக்குது" என்றார் கோபி. "தலய எண்ணிக்கோம்மா."

எண்ணினாள். ஐம்பத்திரண்டு தலை. மிஷினில் ஐம்பத்தொரு டிக்கெட். திரும்ப எண்ணினாள். ஐம்பத்திரண்டு.

மூன்றாவது தடவை எண்ண வேண்டியிருக்கவில்லை. யார் என்று தெரிந்துவிட்டது. ஒரு தலை குறையாமல் பஸ் முழுவதற்கும் டிக்கெட் எடுக்கச் சொன்னவள், தான் எடுக்கவில்லை.

முன் சீட்டுக்குப் போனாள்.

"அம்மா, டிக்கெட்."

"இந்தா, ரெண்டு இட்டிலி தின்னுக்கோ. காலையில வெறும் வயித்தோட வந்துட்ட."

"டிக்கெட் எடும்மா."

"யாருக்கு?"

"உனக்கு."

அமலோற்பவமேரி பக்கத்து சீட்டுக்காரியைப் பார்த்துச் சிரித்தாள். "பாருங்க இந்தக் கூத்த. எங்கிட்டயே டிக்கெட்டு கேக்குது."

"செக்கிங் நிக்குதும்மா."

"நிக்கட்டும். ஸ்டாஃப்னு சொல்லு. இருபத்தாறு வருசமா இந்த ரோட்டுல போறேன், வர்றேன். உங்கப்பா எந்த நாளாவது எங்கிட்ட டிக்கெட்டு கேட்டிருக்காரா? வேற கண்டக்டருதான் கேட்டிருப்பானா? ஞானராஜ் வூட்டம்மான்னாலே போதும், சீட்டு குடுத்து குந்த வெப்பானுங்க."

"அப்பாவுக்குக் குடுத்த பாஸு அப்பாவோட முடிஞ்சி போச்சும்மா. எனக்கு இன்னும் எதுவும் வரல."

அம்மாவின் சிரிப்பு நின்றது. ஒன்றரை வருடமாக எத்தனையோ விதமாக எத்தனையோ பேர் அவளுக்குச் சொல்லிப் பார்த்த செய்தி அது. ஒரு டிக்கெட்டை வைத்து மகள் சொல்வாள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

பின்சீட்டில் அவிச்ச மல்லாட்டைக் கடலையை உரித்துத் தின்றுகொண்டிருந்தவர் நாட்டாமைக்கு வந்தார். "ஏம்மா, பெத்த தாயிகிட்ட போயா? நீயே ஒரு டிக்கெட்ட போட்டுக் குடுத்துட்டுப் போயேன்."

சுலபமான வழி. வெனிலாவின் கட்டைவிரல் மிஷின்மேல் போய்விட்டது. திண்டிவனம், ஒன்று. அழுத்தினால் முடிந்தது. யாரோடும் பேச வேண்டியதில்லை.

"போடு, போடு" என்றாள் அம்மா. நொந்துபோன மனசுக்குக் கொஞ்சம் வீம்பு வந்திருந்தது. "நாளைக்கும் ஒண்ணு போட வேண்டியிருக்கும். ஒரு மாசத்துக்கு நான்தான் கூட வரப்போறேன். அந்தக் கெழவி கேட்டாளே, கேட்டியா? நீ டிக்கெட்ட மட்டும் கிழி. வாய நான் பாத்துக்கறேன்."

கட்டைவிரல் மிஷினைவிட்டு விலகியது.

வெனிலா விசிலை வாயில் வைத்தாள். ஒரே ஒரு விசில்.

பேரணி ஸ்டாப்பிங்கில் வண்டி ஓரம்கட்டி நின்றது. கோபி திரும்பினார். "இன்னாம்மா? இங்க எறங்க யாருமில்லியே?"

"டிக்கெட் எடுக்காத ஒருத்தர் வண்டில இருக்காங்க!" என்றாள் வெனிலா.

கோபிக்குக் கேட்டது. மல்லாட்டைக்காரருக்குக் கேட்டது. வெளியே டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் குரல் அழகாக ஒன்றும் இல்லை. கீச்சென்று உடைந்து, நடுவில் பிசிறி, எங்கிருந்தோ கிளம்பி வந்தது. வெனிலாவுக்கே அது யாருடைய குரல் என்று ஒரு நொடி விளங்கவில்லை.

"எடுத்தாங்கன்னா வண்டி போவும். எடுக்கலன்னா எறங்கணும்." அம்மாவின் பக்கம் திரும்பினாள். கட்டைவிரலை மிஷின்மேல் வைத்துக்கொண்டாள். குரல் ஆடவில்லை. "எங்க போவணும்மா?"

அமலோற்பவமேரிக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேச்சு வரவில்லை. மகள் முகத்தையே பார்த்தாள். மகள் தலையைக் குனிவாள், கண் கலங்குவாள், 'சரி உடும்மா' என்பாள் என்று பார்த்தாள். கண் கலங்கத்தான் செய்தது. தலை குனியவில்லை.

அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"எறங்கிக்கறேன்."

"அம்மா, நான் எறங்கச் சொல்லல. டிக்கெட்டுதான்..."

"எறங்கிக்கறேன்னு சொன்னேன்."

முன் படிக்கட்டில் இறங்கினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். வண்டியைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்து நின்றாள்.

ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருக்கலாம். வெனிலாவின் கால் பாதிப் படிக்கட்டு இறங்கியும்விட்டது. உள்ளே ஐம்பத்தொரு பேர். எல்லோருக்கும் எங்கோ போக வேண்டும். யாருக்கு ஆஸ்பத்திரி, யாருக்கு ஆபீஸ், தெரியாது. திரும்ப ஏறினாள்.

இரண்டு விசில். பெற்ற அம்மாவை ரோட்டில் நிற்க வைத்துவிட்டு அந்த வண்டி போயிற்று.

கூட்டேரிப்பட்டில் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினார். ஒவ்வொரு டிக்கெட்டாக வாங்கிப் பார்த்து, மிஷினைப் பார்த்து, தலையை எண்ணினார். ஐம்பத்தொன்று. கடைசியில் மல்லாட்டைக்காரர் சும்மா இருக்க முடியாமல் உளறிவிட்டார். இன்ஸ்பெக்டர் வெனிலாவிடம் வந்தார்.

"வழியில யாரையோ எறக்கி விட்டியாமே?"

"ஆமா சார். டிக்கெட் எடுக்கல."

"யாரு?"

"எங்கம்மா சார்."

அவர் இவளை ஏற இறங்கப் பார்த்தார். கோபியைப் பார்த்தார். கோபி தொண்டையைக் கனைத்துக்கொண்டு கியர் கம்பியைத் தடவினார். இன்ஸ்பெக்டர் டிரிப் ஷீட்டில் கையெழுத்து போட்டுவிட்டு இறங்கிப் போனார்.

"கூட்டேரிப்பட்டு! மயிலம் போறவங்க எறங்குங்க! பெரியவரே, தூங்காதீங்க, நீங்க மயிலம்தானே?" என்று வெனிலா கடைசி சீட் வரை போய் எழுப்பினாள். கிழவர் பதறியடித்துக்கொண்டு இறங்கினார். அவர் நல்லபடி இறங்கியதைப் பார்த்ததில் அவளுக்குச் சின்னபொண்ணுவின் ஞாபகம் வந்தது.

திண்டிவனத்தில் பதினைந்து நிமிடம் நின்றார்கள். கோபி டீ குடிக்கப் போனார். வெனிலா அம்மாவுக்குப் போன் போட்டாள். சுவிட்ச் ஆஃப். ஐந்து தடவை போட்டாள். ஐந்து தடவையும் அதேதான். அருணுக்குப் போட்டாள்.

"அம்மா வூட்டுக்கு வந்துச்சாடா?"

"இல்லியே. நான் கடைக்குக் கெளம்பிக்கினு இருக்கேன். அது காலையிலயே கோயிலுக்குப் போறேன்னு பூட்டுச்சு. ஏன்?"

"என் வண்டில வந்துச்சு. டிக்கெட் எடுக்கல. பேரணில எறக்கி உட்டுட்டேன்."

"யாரு? நீயா? அம்மாவையா?" அருண் சிரித்துவிட்டான். "கத்தினியா?"

"கத்தினேன்."

"யக்கா! மாமனுக்கு இப்பவே போன் போட்டு..." என்று ஆரம்பித்தவன் சட்டென்று நிறுத்தினான். சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. "இரு, இரு. திண்டிவனம் வண்டியிலயா வந்துச்சு?"

"ஆமா. எனக்குத் தொணையா வந்துச்சு."

"எனக்கு அப்படித் தோணல. நேத்து சாயங்காலம் நீ குளிக்கப் போயிருந்தப்ப ஒரு போன் வந்துச்சு. யாரோ ஒரு பொம்பள. திண்டிவனத்துலேர்ந்து பேசறேன், ஞானராஜ் வூடுங்களான்னு கேட்டுச்சு. அம்மா வாங்கி, சரி, வர்றேன்னு மட்டும் சொல்லிட்டு வெச்சிடுச்சு. யாரும்மான்னு கேட்டேன். ராங் நம்பர்னுச்சு. ராங் நம்பருக்கு யாருக்கா வர்றேன்னு சொல்லுவாங்க?"

கோபி ஹாரன் அடித்தார். நேரமாகிவிட்டது.

"விழுப்புரம்! விழுப்புரம் ஏறு! விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம், விழுப்புரம்!"

வெனிலாவின் வாய்தான் கூப்பிட்டது. மனசு அங்கே இல்லை. ஆட்கள் ஏறினார்கள், காசு நீட்டினார்கள், சீட்டுக்குச் சண்டை போட்டார்கள், இவளே தீர்த்துவைத்தாள். கூச்சப்பட இன்று அவளுக்கு நேரமில்லை. கண் மட்டும் ஜன்னலுக்கு வெளியே, எதிரே வருகிற ஒவ்வொரு வண்டியின் முன் சீட்டிலும் அம்மாவைத் தேடிக்கொண்டே வந்தது.

"பேரணி! பேரணி எறங்குறவங்க!"

இறங்க ஒருவரும் இல்லை. ஆனாலும் ஒரு விசில் கொடுத்து வண்டியை நிறுத்தினாள். இறங்கி ரோட்டோரம் வந்தாள். எதிர்ப்பக்கம் அம்மா நின்ற இடம் காலி. நடுவே வண்டிகள் விர் விர்ரென்று போய்க்கொண்டிருந்தன.

"அம்மா!"

பஸ் முழுவதும் எட்டிப் பார்த்தது.

"அம்மாவ்!"

எதிர்ப்பக்க டீக்கடையில் இருந்த ஜெயம் என்கிற பெண், கரண்டியோடு வெளியே வந்து கையை வாயருகே குவித்துக் கத்தினாள்.

"காலையில எறக்கி உட்டியே, அந்தம்மாவா? இங்கதான் குந்திக்கினு அழுதுக்கினு இருந்துச்சு! அப்பறம் வேற வண்டி வந்துது, ஏறிப் பூட்டுச்சு!"

"எந்தப் பக்கம்?"

"திண்டிவனம்! அந்தக் கண்டக்டரு தெரிஞ்ச ஆளு போல. அண்ணி, நீங்க எடுக்க வாணாம்னு சொன்னாரு. இல்லப்பா, எனக்கு ஒரு திண்டிவனம் குடுன்னு காச அவரு கையில திணிச்சி டிக்கெட்டு வாங்கிக்கினுதான் ஏறுச்சு!"

வெனிலா அப்படியே நின்றாள். கெடாரில் சொந்தம் உண்டு, விழுப்புரத்தில் உண்டு. திண்டிவனத்தில் அம்மாவுக்கு யாருமே கிடையாது. அப்பாதான் இருபத்தாறு வருடம் தினம் நாலு தடவை அந்த ஊருக்குப் போய் வந்தவர்.

ஊருக்கெல்லாம் பேசுகிற அம்மா இந்த ஒன்றைச் சொல்லாமல் அடக்கிக்கொண்டு, காலையிலிருந்து இந்த முன் சீட்டில்தான் உட்கார்ந்திருந்தாள். சொல்வதற்குள் மகள் இறக்கிவிட்டாள்.

"எடுக்கலாமாம்மா?" என்றார் கோபி. அன்று காலையிலிருந்து அவர் மெதுவாகப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

வெனிலா ஏறினாள். இரண்டு விசில் கொடுத்தாள். அம்மா போன பக்கத்துக்கு நேர் எதிராக வண்டி கிளம்பியது.

"டிக்கெட், டிக்கெட்! திண்டிவனத்துல ஏறினவங்க எல்லாம் எடுத்துட்டீங்களா? யாரு எடுக்கல?"

கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை. அழுதுகொண்டேதான் கேட்டாள். கடைசி சீட் வரை கேட்டது.